கோடு என்றால் வளைவா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "கோடு என்றால் நேராக இழுப்பதுதானே? பழைய அகராதியில் அதற்கு 'வளைவு' என்று போட்டிருக்கிறது. கூடவே யானைத் தந்தம், மரக்கிளை, மலையுச்சி, குளக்கரை, சங்கு என்று வேறு. எல்லாம் ஒரே சொல்தானா? அப்படியானால் நேர்கோடு என்பது 'நேரான வளைவு' என்று ஆகிவிடாதா?"

ஆகிவிடும்தான். கணக்கு வகுப்பில் நாம் தினமும் சொல்லும் சொல்லுக்குள் இப்படி ஒரு முரண் இருப்பது பலருக்குத் தெரியாது. பதில் கொஞ்சம் நீளம். வினையிலிருந்து தொடங்குகிறேன்.

கோடுதல் என்று ஒரு வினை தமிழில் இருந்தது. இன்று பேச்சில் இல்லை. வளைதல், ஒரு பக்கமாகச் சாய்தல் என்று பொருள். குறளில் இது பல இடங்களில் வருகிறது. "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி" (118). தராசுக் கோல் ஒரு தட்டுப் பக்கம் இறங்கிவிடாமல் நிற்கிறதே, அந்த நிலைதான் கோடாமை. அரசனுக்கு வெற்றி தருவது வேல் இல்லை, கோல்தான், "அதூஉங் கோடா தெனின்" என்கிறது இன்னொரு குறள் (546). அந்தக் கோலும் வளையாமல் இருந்தால்தான் என்று அர்த்தம். இன்றைய பொருளை மனதில் வைத்துக்கொண்டு இந்த வரிகளைப் படித்தால் தலை சுற்றும்.

எனக்கு மிகவும் பிடித்தது 279ஆம் குறள். "கணைகொடிது யாழ்கோடு செவ்விதுஆங் கன்ன வினைபடு பாலால் கொளல்." அம்பு பார்க்க நேராக இருக்கும், செயலில் கொடியது. யாழின் தண்டு வளைந்திருக்கும், செயலில் இனியது. ஆளை உருவத்தால் எடைபோடாதே, செயலைப் பார் என்கிறார். இதில் ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. நேரான அம்புக்குக் "கொடிது" என்ற சொல்லைத் தருகிறார், வளைந்த யாழுக்குச் "செவ்விது" என்ற சொல்லைத் தருகிறார். கொடிது என்பதன் அடியில் இருப்பது வளைவு. செவ்விது என்பதன் அடியில் இருப்பது நேர்மை, அதாவது வளையாமை. வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கிறார். வளைவுக்கும் நேருக்கும் உரிய சொற்களை அறிந்த வாசகனுக்குத்தான் அந்தக் குறளின் முழுச் சுவையும் கிடைக்கும்.

இந்த "கொடு" என்பதுதான் வேர். வளைந்த என்று பொருள். வளைந்த வாள் கொடுவாள், வளையும் மரமாகிய வில் கொடுமரம், வளைந்துபோன செங்கோல் கொடுங்கோல். கொடுமை என்பதே முதலில் வளைவுதான். பிறகு மனதின் வளைவு, அதற்கும் பிறகு இன்று நாம் சொல்லும் கொடூரம். இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. ஆங்கிலத்தில் தவறைக் குறிக்கும் "ராங்" முறுக்குதல் என்ற பொருளிலிருந்தும், சரி என்பதைக் குறிக்கும் "ரைட்" நேர் என்ற பொருளிலிருந்தும் வந்தவை. அவர்களுடைய "ரைட் ஆங்கிள்" நமக்குச் செங்கோணம். அந்தச் "செம்" சிவப்பு இல்லை, நேர். செங்குத்து, செங்கோல் எல்லாம் அதே கணக்கு.

கொடு எப்படிக் கோடு ஆனது என்றால், தமிழில் வினையடியின் முதல் எழுத்தை நீட்டிப் பெயர் செய்வது பழைய வழக்கம். கெடு, கேடு. சுடு, சூடு. படு, பாடு. பெறு, பேறு. அதே தடத்தில் கொடு, கோடு. ஒரு எச்சரிக்கை: "தா" என்ற பொருளில் வரும் கொடு வேறு. அதன் பெயர்ச்சொல் கொடை. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட விளக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். வளைந்து நீண்டு நிற்கும் பொருள்களுக்கு எல்லாம் கோடு என்று பெயர் விழுந்திருக்கிறது. யானைத் தந்தம்: "பரியது கூர்ங்கோட்டது ஆயினும் யானை வெரூஉம் புலிதாக் குறின்" (599). திருப்பாவையில் ஆண்டாள் பாடும் "கோட்டுக்கால் கட்டில்" தந்தத்தால் கால் செய்த கட்டில். வருடம் தவறாமல் மார்கழியில் அதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள் என்று யோசிப்பதுண்டு. மரக்கிளையும் கோடுதான். தொல்காப்பிய மரபியல் குரங்கைக் "கோடுவாழ் குரங்கு" என்கிறது. குறுந்தொகையில் கபிலரின் "சிறுகோட்டுப் பெரும்பழம்" தெரியாதவர் குறைவு. சிறிய கிளையில் பெரிய பலாப்பழம் தொங்குவதுபோல இவளுடைய உயிர் சிறிது, காமமோ பெரிது என்று தோழி சொல்கிறாள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள கொம்பு, ஊதுகொம்பு, சங்கு, யாழின் தண்டு, பிறையின் நுனி என்று இது போய்க்கொண்டே இருக்கும். கோட்டான் என்ற ஆந்தைக்குத் தலையில் கொம்பு மாதிரி இரண்டு இறகுக் கற்றை நிற்கும். பெயர் அங்கிருந்து வந்தது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) வளைவு என்ற பொருளில் வரும் கொடு, கோடு என்பவற்றை ஒரு பதிவாகவும், கொம்பு, தந்தம், கிளை, கரை, வரைகோடு என்பவற்றைத் தனிப் பதிவாகவும் வைத்திருக்கிறது. இரண்டாவதோடு அவர்கள் "குவடு" என்ற சொல்லையும் சேர்க்கிறார்கள். குவடு என்றாலும் கிளை, மலையுச்சி. கன்னடத்திலும் துளுவிலும் கோடு என்றால் இன்றும் கொம்புதான். ஆகவே வளைவும் கொம்பும் ஆதியில் இரண்டு தனிச் சொற்களாக இருந்து, ஒலி ஒன்றானதால் பிற்காலத்தில் கலந்திருக்கலாம் என்பது ஒரு பக்கம். வளைவுதான் எல்லாவற்றுக்கும் தாய் என்பது தமிழ்ச் சொல்லாய்வாளர் பலரின் பக்கம். எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு (கோடாமை எனக்கு வாய்க்கவில்லை). குறள் 279இல் வளைவையும் தண்டையும் பிரிக்கவே முடியாதபடி அந்தச் சொல் உட்கார்ந்திருப்பதே காரணம். ஆனால் அது முடிந்த வழக்கு என்று சொல்ல மாட்டேன்.

இரண்டில் எது சரியானாலும், கொம்பும் கிளையும் எப்படிக் காகிதத்தில் இழுக்கும் கோடாக மாறின என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பலரும் சொல்லும் விளக்கம், கொம்பு மெல்லியதாக நீண்டிருக்கும், கோடும் அப்படித்தானே என்பது. இருக்கலாம். ஆனால் எனக்கு அதைவிட நம்பத்தகுந்த ஒரு பாதை தெரிகிறது. அது குளக்கரை வழியாகப் போகிறது.

கரைக்கும் கோடு என்று பெயர் உண்டு என்றேன் அல்லவா? தமிழ்நாட்டு ஏரிக் கரைகள் பெரும்பாலும் நேராக இருப்பதில்லை. சரிந்து வரும் நிலத்தில், தண்ணீர் இறங்கும் திசைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டிக் கரை எழுப்புவார்கள். நடுவில் கரை பள்ளத்தைத் தாண்டும். இரண்டு ஓரங்களும் மேட்டைத் தேடி மேல்நோக்கி வளையும். மேலே இருந்து பார்த்தால் பிறை. புறநானூறு 118இல் கபிலர் பறம்பு மலைக் குளத்தை அப்படியே படம் பிடித்திருக்கிறார்: "எண்நாள் திங்கள் அனைய கொடுங்கரைத் தெண்ணீர்ச் சிறுகுளம்." எட்டாம் நாள் நிலா போல வளைந்த கரை. வெறுமனே பிறை என்று சொல்லாமல் எட்டாம் நாள் என்று கணக்கு வைக்கிறார். எட்டாம் நாள் நிலா ஏறக்குறைய அரைவட்டம். ஒரு பக்கம் வில், மறுபக்கம் நாண். வடிவியல் வகுப்பில் அரைவட்டத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கரையின் வளைவுக்கு அவர் போடும் சொல் "கொடு" என்பதையும் கவனியுங்கள்.

கரை என்பது என்ன? இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் நிலம். இரண்டையும் பிரிக்கும் நீளமான ஒரு மேடு. அதாவது எல்லை. எல்லையிலிருந்து கோட்டுக்கு ஒரே எட்டுதான். இதற்குத் தமிழிலேயே சாட்சி இருக்கிறது. வரம்பு என்றால் வயலின் வரப்பு, வரம்பு என்றால் எல்லையும். வரை என்றால் மலை, வரை என்றால் எல்லை ("அதுவரை", "இதுவரை"), வரை என்றால் கோடு இழு என்ற ஏவலும். மலை, கரை, எல்லை, கோடு என்ற நான்கு பொருளும் ஒரே கொத்தாகப் பல சொற்களில் சுற்றிச் சுற்றி வருகின்றன. கோடு என்ற சொல்லுக்கும் மலை என்ற பொருள் உண்டு. திருச்செங்கோடு அந்த வகை. சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவையில் முருகன் நீங்காத இடங்களில் ஒன்றாகச் "செங்கோடு" வருகிறது. வானத்தில் மலைத்தொடரின் விளிம்பைப் பார்க்கும்போது அது ஒரு கோடாகத்தானே தெரிகிறது? இந்தக் கடைசி வாக்கியம் என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

மலை என்ற பொருளும் கரை என்ற பொருளும் சேர்ந்து இருப்பதால் ஒரு புகழ்பெற்ற வரியின் காட்சியே மாறிவிடுகிறது. "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்கிறது சிலப்பதிகாரம். குமரி மலையின் உச்சி கடலில் மூழ்கியது என்று படிக்கலாம். குமரியின் கரை மூழ்கியது என்றும் படிக்கலாம். முதலாவது பேரழிவு, இரண்டாவது கடலரிப்பு. ஒரு சொல்லின் பொருளை எப்படி எடுப்பது என்பதில் ஒரு கண்டத்தின் அளவே கூடிக் குறைகிறது.

கோடு என்ற முடிவோடு உள்ள ஊர்ப்பெயர்களைப் பற்றியும் கேட்பார்கள். கோழிக்கோடு, காசர்கோடு, விளவங்கோடு. எல்லாவற்றையும் மலை என்றோ கரை என்றோ ஒரே அடியாக முடித்துவிட வேண்டாம். ஊர்ப்பெயர்கள் தேய்ந்து மாறி வந்தவை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழக்கு நடத்த வேண்டும். நான் இங்கே இறங்கவில்லை.

இப்போது முரணுக்கு வருகிறேன். கோடு வளைவில் பிறந்தது என்றால், "நேர்" எங்கிருந்து வந்தது? நூலிலிருந்து. தச்சரும் கொத்தனாரும் நேர் பார்ப்பது கண்ணால் இல்லை, இழுத்துக் கட்டிய நூலால். "நூல் பிடித்தாற்போல" என்று இன்றும் சொல்கிறோம். நன்னூல் தன் பாயிரத்தில் நூல் என்ற பெயருக்குத் தரும் விளக்கங்களில் ஒன்று இது: "மரத்தின் கனக்கோட்டம் தீர்க்குநூல் அஃதேபோல் மாந்தர் மனக்கோட்டம் தீர்க்குநூல் மாண்பு." மரத்தின் கோட்டத்தை, அதாவது வளைவை, எடுக்கிறது தச்சனின் நூல். மனதின் கோட்டத்தை எடுக்கிறது படிக்கும் நூல். கோட்டம் நோய், நூல் மருந்து.

உலகத்தில் வேறு சிலர் நேராக அந்த மருந்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். ஆங்கில "லைன்" லத்தீன் "லினியா" வழியாக வந்தது. "லினியா" என்றால் ஆளி நார் நூல். "லினன்" துணியும் அதே குடும்பம். வேள்வி மேடைகளின் அளவுகளைச் சொல்லும் சுல்ப சூத்திரங்களின் பெயரில் உள்ள "சுல்பம்" கயிறு. கிரேக்கர் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய "கிராம்மே" கீறுதல், எழுதுதல் என்ற வினையிலிருந்து வந்தது. சமஸ்கிருத "ரேகா"வும் கீறுவதோடு தொடர்புடையது. ஆக ஒருவர் நூலை இழுத்தார், ஒருவர் மண்ணைக் கீறினார், தமிழர் கொம்பையும் கரையையும் பார்த்தார்கள்.

கிரேக்கருக்கும் நமக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. ஏறக்குறைய கி.மு. 300இல் யூக்ளிட் எழுதிய வரையறைகளில் கோடு என்பது "அகலமில்லாத நீளம்", அவ்வளவுதான். அது நேராக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நேர்கோடு என்பதற்கு அவர் இன்னொரு வரையறை தனியாகக் கொடுக்கிறார். அதாவது அவருக்கும் கோடு என்றால் வளைந்ததும் அடக்கம், நேரானது ஒரு தனி வகை. "நேர்" என்ற அடைமொழி இல்லாமல் நேர்கோட்டைச் சொல்ல முடியாது என்ற தமிழ் நிலையும் இதேதான். பேச்சில்தான் நாம் கோடு என்ற ஒற்றைச் சொல்லை நேரானதற்கு ஒதுக்கிவிட்டு, மற்றதை வளைகோடு என்கிறோம். பாடநூல்கள் அதையும் விட்டு "வளைவரை" என்று எழுதுகின்றன. வளைகோடு என்று சொல்லும்போது, சொல்லின் பிறப்பைப் பார்த்தால், "வளைவான வளைவு" என்றாகிறது. யாரும் சிரிப்பதில்லை.

இந்தப் பொருள் மாற்றம் மிகப் பழைய காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் "செங்கோட்டு யாழ்" என்று ஒரு யாழ் வருகிறது. செம் என்பதைச் சிவப்பு என்று கொண்டால் சிவந்த தண்டு. செம்மை, அதாவது நேர் என்று கொண்டால் நேரான தண்டு. இரண்டாவதுதான் சரி என்றால், "நேர்" என்ற அடையைத் தாங்கும் அளவுக்குக் கோடு அப்போதே தன் வளைவை இழந்திருந்தது என்று ஆகும். அப்போது செங்கோடுதான் நம் நேர்கோட்டின் பாட்டி.

வடிவியலில் கோட்டுக்குப் பிறந்த பிள்ளைகள் ஏராளம்: இணைகோடு, தொடுகோடு, வெட்டுக்கோடு, நடுக்கோடு, எண்கோடு, ஒருகோடமைப் புள்ளிகள். இவற்றில் சொல்ல அதிகம் இல்லை, பெயரே விளக்கம். சுவாரசியம் பூமிக்கு வரும்போதுதான். நிலநடுக்கோடு, அட்சக்கோடு, தீர்க்கக்கோடு. எல்லாம் கோடு என்ற பெயரில்தான் இருக்கின்றன, ஒன்றுகூட நேர் இல்லை. நிலநடுக்கோட்டின் நீளம் ஏறக்குறைய 40,075 கிலோமீட்டர், ஓர் அங்குலம்கூட வளையாமல் இல்லை. ஆனால் அந்தக் கோளத்தின் மேலேயே வாழ்கிறவனுக்கு அதுதான் நேர்ப்பாதை. இடமோ வலமோ திரும்பாமல் நடந்தால் அதன்மேல்தான் நடப்பான். மற்ற அட்சக்கோடுகள் அப்படி இல்லை. ஒரே அட்சக்கோட்டில் உள்ள இரண்டு தொலைவான ஊர்களுக்கு நடுவே விமானம் அந்தக் கோட்டிலேயே போகாமல், வரைபடத்தில் துருவத்தின் பக்கம் வளைந்து போவதுபோல் தெரிவது அதனால்தான். அந்த வளைந்த வழியே குறுகிய வழி. 19ஆம் நூற்றாண்டில் லோபசேவ்ஸ்கி, போயாய் என்ற இரண்டு கணித அறிஞர்கள் யூக்ளிடின் இணைகோட்டு விதியை (ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு ஒரே ஒரு இணைகோடுதான் என்பதை) விட்டுவிட்டுத் தனி வடிவியல் கட்டினார்கள். 1854இல் ரீமான் வளைந்த வெளிகளுக்கே ஒரு பொதுக் கணக்கு சொன்னார். அதற்குப் பிறகு "நேர்" என்பது நீ எந்தப் பரப்பில் நிற்கிறாய் என்பதைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. நம் சொல்லுக்கு இது புதுச் செய்தி இல்லை.

ஒரு கிளைக் கதை. சமஸ்கிருதத்தில் "கோடி" என்று ஒரு சொல் இருக்கிறது. வில்லின் வளைந்த நுனி, பிறையின் கொம்பு, எதனுடைய உச்சமும். நூறு இலட்சம் என்ற எண்ணும் அந்த உச்சப் பொருளோடு சேர்ந்ததுதான். இந்தியக் கணிதத்தில் செங்கோண முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்குக் கோடி என்று பெயர், நாம் "காஸ்" என்று எழுதுவது அங்கே கோடிஜ்யா. "ஜ்யா" வில்லின் நாண். அந்த ஜ்யாதான் அரபுக்குப் போய், லத்தீனில் தவறாக மொழிபெயர்க்கப்பட்டு, "சைன்" ஆகத் திரும்பி வந்தது. தமிழில் தெருக்கோடி, கடைக்கோடி என்கிறோம். இந்தக் கோடிக்கும் நம் கோட்டுக்கும் உறவு உண்டா என்று கேட்டால், ஒலியும் பொருளும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்த்து மயங்காமல் இருப்பது கஷ்டம். ஆனால் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

அன்றாடப் பேச்சில் கோடு இன்று பெரும்பாலும் எல்லைதான். வறுமைக் கோடு, எல்லைக் கோடு, இலட்சுமணன் கோடு. "அந்தக் கோட்டைத் தாண்டாதே" என்றால் தரையில் எதுவும் வரைந்திருக்கத் தேவையில்லை. எழுத்தில் இதை எழுதும்போது ஒரு தொல்லை உண்டு. "கோட்டைத் தாண்டினான்" என்றால் அவன் தாண்டியது வரைந்த கோட்டையா, அரசன் கட்டிய கோட்டையா? வேற்றுமை உருபு சேரும்போது டகரம் இரட்டித்துவிடுவதால் இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. அப்புறம் "கோடு போட்டால் ரோடு போடுவான்" என்ற பழமொழி. அங்கே கோடு சின்னக் குறிப்பு, திறமைசாலிக்கு அது போதும்.

கடைசியாக, கேள்வியில் இல்லாத ஒன்று. "பார்கோடு", "பின்கோடு", "கோடு எழுதுகிறேன்" என்பதில் வரும் கோடு நம் கோடு இல்லை, ஆங்கில வரவு. பார்கோட்டில் கோடுகள் வரிசையாக நிற்பதால் பலர் தமிழ்ச் சொல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல் லத்தீன் "கோடெக்ஸ்" வழியாக வந்தது. கோடெக்ஸ் என்றால் எழுதும் மரப்பலகை, அதற்கு முன்னால் அடிமரம். நம் கோடு கிளை, அவர்களுடையது அடிமரம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.